‘ராணி, பென்னாகரம்’ கேட்ட கேள்வி

அருள்சாமியை அடக்கம் செய்த எட்டாம் நாள், அவருடைய மூன்று பிள்ளைகளும் வீட்டுக்குள் உட்கார்ந்து நிலத்தைப் பற்றி முதன்முதலாகப் பேசினார்கள். 1983 ஐப்பசி மாதம் அது. பேசினார்கள் என்று சொன்னாலும் பேசியது மூத்தவன் சின்னப்பராஜ் மட்டும்தான். இளையவன் அல்போன்ஸ் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவில் பிறந்த ராஜமேரி, அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு ஏக்கரா கொல்லை, ஒரு கெணறு, இந்த வூடு. அவ்வளவுதான் இருக்குது. நானும் தம்பியும் பிரிச்சுக்கலாம்னு பாக்கறோம். நீ ஒரு கையெழுத்துப் போட்டுட்டீன்னா நல்லாருக்கும் மேரி” என்றான் சின்னப்பராஜ்.

அவன் குரலில் அதட்டல் இல்லை. சாப்பிடும்போது உப்பை எடுத்துக் கொடு என்பதுபோலக் கேட்டான். ராஜமேரியும் சரி என்றோ முடியாது என்றோ சொல்லவில்லை. “யோசிச்சுச் சொல்றேண்ணா” என்றாள்.

பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இறங்கி இரண்டு மைல் உள்ளே நடந்தால் சவேரியூர். ஐம்பது அறுபது கத்தோலிக்கக் குடும்பங்களும் ஒரு கோயிலும் ஓர் ஆரம்பப் பள்ளியும் இருந்த ஊர். ராஜமேரியைப் பொம்மிடிக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் மரியநாதன் லாரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். தொப்பூர்க் கணவாயில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனான். இரண்டு வயது மகள் ஜெயசீலியைத் தூக்கிக்கொண்டு அவள் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டுக்குட்டிகளை அடைத்துவைத்திருந்த பக்கத்து அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். எண்பத்திரண்டில் பள்ளிக்கூடங்களில் சத்துணவு தொடங்கியபோது அவளுக்குச் சமையல் வேலை கிடைத்தது.

அப்பா இருந்தவரை அந்த அறை யாருடையது என்ற கேள்வி எழவில்லை. இப்போது எழுந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் அது தனக்கு இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனால் போடாமல் இருக்கத் தனக்கு உரிமை உண்டா என்பதுதான் தெரியவில்லை. அண்ணனிடம் சண்டை போட அவளுக்கு ஆசை இல்லை. நியாயம் எதுவோ அதன்படி நடந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

ஊர்ச் சாமியாரிடம் கேட்கலாம். ஆனால் சின்னப்பராஜ் கோயில் காரியங்களை முன்னின்று பார்ப்பவன். காலையில் சாமியாரிடம் கேட்டது சாயங்காலம் அண்ணன் காதுக்குப் போய்விடும். அதனால் அவள் வெளியாட்களைக் கேட்க ஆரம்பித்தாள்.

பாப்பாரப்பட்டி டீக்கடையில் தீர்த்தகிரி என்பவர் உட்கார்ந்திருப்பார். முன்பு கிராமக் கணக்கு எழுதும் கர்ணமாக இருந்தவர். அரசாங்கம் அந்த வேலையை ஒழித்த பிறகும் நிலத்து விவகாரம் என்றால் ஜனங்கள் அவரைத்தான் தேடிப் போனார்கள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “கட்டிக்குடுத்து அனுப்புன அன்னிக்கே பொண்ணுக்கு முடிஞ்சு போச்சும்மா. கொல்லையில உனக்கு ஏது?” என்றார்.

தர்மபுரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், தான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, “பாதி கேளுங்க. இப்பல்லாம் பொம்பளைக்குப் பாதி உண்டு. எங்க நாத்தனார் வாங்குனா” என்றாள். தாலுகா ஆபீசுக்கு வெளியே மனு எழுதிக் கொடுப்பவர், “தாத்தா சொத்தா அப்பா சொத்தா, அதைச் சொல்லு முதல்ல” என்றார். தாத்தா காலத்து நிலம் என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்று பேருமே சந்தேகமில்லாத குரலில் சொன்னார்கள்.

ராஜமேரி எட்டாவது வரை தர்மபுரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தவள். அச்சில் வந்த எதையும் அவள் விட்டதில்லை. பருப்பு மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் மாதேஸ்வரன் ஒரு வார இதழ் வாங்குவார். படித்து முடித்ததும் சமையல் கூடத்துக்குக் கொடுத்தனுப்புவார். அதில் கடைசிக்கு முந்தைய பக்கத்தில் சட்டக் கேள்வி பதில் வரும். கறுப்பு அங்கி போட்ட, கண்ணாடி அணிந்த சென்னை வக்கீல் ஒருவரின் படம் மேலே இருக்கும். வாடகை வீடு, ஜீவனாம்சம், பட்டா, வேலி என்று ஊர் ஊராக யார் யாரோ கேட்பார்கள். அவர் எல்லோருக்கும் ‘சகோதரி’, ‘சகோதரர்’ என்று தொடங்கிப் பதில் சொல்வார். டீக்கடையில் சொல்வதுபோல அல்ல அது. ஆயிரக்கணக்கான பேர் படிக்கும் இதழில் ஒருவர் தன் படத்தையும் பெயரையும் போட்டுத் தப்பாகச் சொல்வாரா?

ஒரு மதியம், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, இன்லேண்டு லெட்டரில் எழுதினாள். அப்பா இறந்துவிட்டார், அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள், உயில் எதுவும் இல்லை, தாத்தா காலத்து நிலம் ஐந்து ஏக்கர், அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர், நான் விதவை, ஒரு பெண் குழந்தை, எனக்கு இதில் பங்கு உண்டா. எழுதி முடித்துப் பெயர் போடும் இடத்துக்கு வந்ததும் கை நின்றது. சவேரியூரில் இந்த இதழை வேறு யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. ராஜமேரி என்று அச்சில் வந்தால் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். ஊர்ப் பெயரை மாற்றினாள். தன் பெயரில் பாதியை மட்டும் எடுத்து, கொஞ்சம் திருத்தி, ‘ராணி, பென்னாகரம்’ என்று எழுதினாள். ஊர்த் தபால்காரர் அண்ணனுக்குச் சிநேகிதர் என்பதால், சனிக்கிழமை பென்னாகரம் போய், பஸ் ஸ்டாண்டு பெட்டியில் போட்டாள்.

ஒன்பது வாரம் ஆனது. ஒவ்வொரு வாரமும் இதழ் வந்ததும் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பாள். கூட வேலை பார்த்த ராமக்காளுக்கு மட்டும் விஷயம் தெரியும். ராமக்காள் வீட்டில் கன்னடம் பேசுகிறவள். தமிழ் படிக்கத் தெரியாது. “வந்துதா?” என்று கேட்பாள். “இல்லைக்கா” என்பாள் ராஜமேரி.

பத்தாவது வாரம் வந்தது.

‘சகோதரி ராணி அவர்களுக்கு, தாத்தா வழி வந்த நிலம் பூர்வீகச் சொத்தாகும். பூர்வீகச் சொத்தில் பிறப்பால் உரிமை ஆண்மக்களுக்கே உண்டு. தங்கள் தந்தையாரின் பங்கில் மட்டுமே தங்களுக்கு ஒரு சிறு பகுதி கிடைக்கக்கூடும். அதற்காக நீதிமன்றம் சென்று ஆண்டுக்கணக்கில் அலைந்து உறவையும் இழப்பதைவிட, சகோதரர்களுடன் சுமுகமாகப் போவதே தங்களுக்கும் தங்கள் குழந்தைக்கும் நல்லது.’

ராஜமேரி அதை மூன்று முறை படித்தாள். பிறகு ராமக்காளுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

“உனக்கு இல்லேங்கறாரா?” என்றாள் ராமக்காள்.

“துளியூண்டு வருமாம். அதுக்குக் கோர்ட்டுக்குப் போறது வேண்டாங்கறாரு.”

“நீ என்ன பண்ணப் போறே?”

“படிச்சவரு சொல்றாரு. அண்ணனும் நல்லவருதானே.”

அவளுக்கு வருத்தமாக இருந்தது உண்மைதான். அதைவிட அதிகமாக ஓர் ஆறுதல் இருந்தது. மாதக்கணக்காக மனதில் கிடந்த ஒன்று முடிந்துவிட்டது. அண்ணன் தன்னை ஏமாற்றவில்லை, சட்டமே அப்படித்தான் என்று தெரிந்ததில் அண்ணன் மேல் இருந்த சிறு சந்தேகமும் போய்விட்டது. அந்தத் துண்டைக் கத்தரித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

1984 ஜூனில் பென்னாகரம் சார் பதிவாளர் அலுவலகத்துக்கு மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். வேப்பமரத்தடியில் பெட்டி மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர், பூர்வீகமா என்று கேட்டார். ஆமாம் என்றான் சின்னப்பராஜ். எழுத்தர் வேறு எதுவும் கேட்கவில்லை. அவரிடம் எல்லா விடுதலைப் பத்திரத்துக்கும் ஒரே வாசகம்தான் இருந்தது. பெயரும் சர்வே எண்ணும் மட்டும் மாறும். ‘இனி மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு உரிமையும் பாத்தியதையும் இல்லை’ என்ற இடத்தை அவர் வேகமாக வாசித்தபோது ராஜமேரி தலையை ஆட்டினாள்.

உள்ளே பதிவாளர் நிமிர்ந்து பார்த்து, “உங்க சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கறீங்களா?” என்றார்.

“ஆமாங்க.”

“யாரும் வற்புறுத்தலையே?”

“இல்லீங்க.”

ம. ராஜமேரி என்று அழகான கையெழுத்தில் போட்டாள். வெளியே வந்ததும் அண்ணன் ஓட்டலுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். “நம்ம ஊருல எத்தனை குடும்பம் இதுல வெட்டுக் குத்துன்னு போயிருக்குது. நீ தங்கமானவ மேரி” என்றான். அவளுக்கு அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் வீட்டைப் பிரித்தார்கள். பக்கத்து அறை அல்போன்ஸ் பாகத்தில் விழுந்தது. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவன் அவளைப் போகச் சொல்லவில்லை. பெண் வீட்டார் பார்க்க வந்த அன்று, “இந்த ரூம்ல யாரு இருக்காங்க?” என்று அவர்கள் கேட்டதும் அவன் பதில் சொல்லாமல் நின்றான். ராஜமேரி அந்த மாதமே சாலையோரத்தில் ஓடு வேய்ந்த ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனாள். மழை பெய்தால் ஜெயசீலியின் பாயை மூன்று இடத்துக்கு மாற்ற வேண்டும். எண்பத்தாறில் அல்போன்ஸ் தன் இரண்டரை ஏக்கரைக் கிருஷ்ணகிரிக்கார மாங்காய் வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டுப் பெங்களூரில் வேலைக்குப் போனான். புதிய ஆள் சுற்றிலும் கம்பி வேலி போட்டு மாங்கன்று நட்டார். ராஜமேரி பள்ளிக்கூடம் போகும்போது அந்த வேலியை ஒட்டித்தான் நடப்பாள்.

1989 கோடையில் ஒரு நாள், மாதேஸ்வரன் சார் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அவரே சமையல் கூடத்துக்கு வந்தார்.

“ராஜமேரி, பாத்தீங்களா? பொண்ணுங்களுக்கும் சொத்துல சமபங்குன்னு சட்டம் கொண்டுவந்துட்டாங்க. பூர்வீகச் சொத்துலயும் உண்டாம்.”

ராஜமேரி கரண்டியை வைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். சமபங்கு என்ற சொல் தலைப்பிலேயே இருந்தது. தாளை மேடைமேல் விரித்து வைத்துக்கொண்டு கடைசி வரி வரை படித்தாள்.

“போய்க் கேளு” என்றாள் ராமக்காள். “இந்தத் தடவை லெட்டர் எழுதாத. நேர்ல போ. மூஞ்சியப் பாத்துக் கேளு.”

மறு வாரம் லீவு சொல்லிவிட்டுத் தர்மபுரி கோர்ட்டுக்குப் போனாள். மாதேஸ்வரன் சார் ஒரு பெயர் சொல்லியிருந்தார். நஞ்சப்பன் என்ற வக்கீல். அறுபது வயது இருக்கும். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு சின்ன அறையில் இருந்தார். அவள் செய்தித்தாளைக் காட்டியதும் அதை வாங்காமலேயே, “இதுக்காகத்தான் இந்த வாரம் பத்துப் பேரு வந்துட்டாங்க” என்று சிரித்தார். “பேரு என்னங்கம்மா?”

“ராஜமேரிங்க.”

அவர் சிரிப்பு நின்றது. “கிறிஸ்டியனா?”

“ஆமாங்க. ஆர்.சி.”

“அப்படீன்னா இந்தச் சட்டம் உங்களுக்கு இல்லீங்கம்மா. இது இந்துக்களுக்கு.”

ராஜமேரி எழுந்துகொள்ளப் போனாள். இல்லை என்று கேட்டு அவளுக்குப் பழக்கம்தான். வக்கீல் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“இருங்க. உங்களுக்கு வேற சட்டம். வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்தே இருக்குது. கிறிஸ்டியன்ல பூர்வீகச் சொத்துன்னு தனியா ஒண்ணு கிடையாது. அப்பா உயில் எழுதாமப் போயிட்டா புள்ளைங்க எல்லாருக்கும் சமம். ஆம்பளை பொம்பளைங்கற பேச்சே இல்லை. உங்க அப்பா எப்ப தவறுனாரு?”

“எம்பத்தி மூணுலங்க.”

“அன்னிக்கே மூணுல ஒரு பங்கு உங்களுது. யாரும் புதுசாச் சட்டம் போட வேண்டியதில்லை. ஏன் இத்தனை நாளாக் கேக்கல?”

அவள் பையிலிருந்து பத்திரத்தின் நகலை எடுத்தாள். ஜெபப் புத்தகத்தைப் பிரித்து அந்தத் துண்டையும் எடுத்து அதன்மேல் வைத்தாள். வக்கீல் முதலில் துண்டைப் படித்தார். பிறகு பத்திரத்தைக் கடைசி வரை படித்தார். துண்டை மறுபடியும் கையில் எடுத்தார்.

“இது நீங்க எழுதின கேள்விக்கா?”

“ஆமாங்க.”

“ராணின்னு போட்டிருக்குது.”

“அண்ணனுக்குத் தெரியக் கூடாதுன்னு நான்தாங்க மாத்துனேன்.”

“அவரு மேல தப்புச் சொல்றதுக்கு இல்லீங்கம்மா. ராணின்னு பாத்ததும் இந்துன்னு நெனச்சுட்டாரு. இந்துவுக்கு அன்னிக்கு இருந்த சட்டத்தைச் சொல்லியிருக்காரு. எந்த மதம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். லெட்டர்ல எப்படிக் கேப்பாரு? நீங்க ராஜமேரின்னே போட்டிருந்தா…” அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. ராஜமேரி, “இதை இப்ப மாத்த முடியுங்களா?” என்றாள்.

“உங்க அண்ணன் ஏமாத்திக் கையெழுத்து வாங்குனாரா?”

“இல்லீங்க.”

“மெரட்டுனாங்களா? தெரியாம வேற காகிதம்னு சொல்லிப் போட வெச்சாங்களா?”

“இல்லீங்க. சம்மதமான்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்.”

“சட்டம் தெரியாமப் போட்டுட்டேன்னு சொன்னாக் கோர்ட்டு அதை ஒத்துக்காதுங்கம்மா. ஏமாத்துனாங்கன்னு சொல்லலாம்னாலும் அதுக்கு மூணு வருசம்தான் கெடு. அஞ்சு வருசம் ஆயிடுச்சு. பொய்யா எதையாவது எழுதிக் கேஸ் போட்டுக் குடுக்கற ஆளுங்க இந்தச் சந்துலயே இருக்காங்க. நான் போட மாட்டேன். உங்களை அலைய விட்டுட்டுக் கடைசியில இதையேதான் சொல்லுவாங்க.”

அவர் ஃபீஸ் வாங்கவில்லை. அவள் எழுந்து நின்றதும் அவரும் எழுந்து வாசல் வரை வந்தார். அது அவளுக்கு என்னவோ போல இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்படி எழுந்து வந்தால் நோயாளி வீட்டார் என்ன நினைப்பார்களோ, அதை நினைத்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தாள். கர்ணம் மேலா? அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். சென்னை வக்கீல் மேலா? அவர் ராணிக்குச் சொன்னார். பத்திர எழுத்தரும் பதிவாளரும் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். யோசித்து யோசித்து, எல்லாம் தன் கையால் எழுதிய இரண்டெழுத்துப் பெயரில் வந்து நின்றது. அந்த இரண்டெழுத்தும் பயத்தால் எழுதியது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். சின்னப்பராஜ் கலப்பைக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி மிக்கேலம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். ராஜமேரி நடந்ததை முழுக்கச் சொன்னாள்; இதழுக்கு எழுதியதை, பெயரை மாற்றியதை, வக்கீல் சொன்னதை. குரலை உயர்த்தவில்லை.

சின்னப்பராஜ் கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான். “எனக்குத் தெரியாது மேரி” என்றான். “மாதா சத்தியமா எனக்குத் தெரியாது. நம்ம அப்பாவும் அத்தைங்களுக்குக் குடுக்கல. நம்ம ஊருல யாரு குடுத்தாங்க?”

“தெரியும்ணா. நீ ஏமாத்துனேன்னு நான் சொல்லல.”

“தெரிஞ்சிருந்தா…” என்று தொடங்கியவன் மனைவியைப் பார்த்தான். மிக்கேலம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தம்பி பங்கு வித்துப்போச்சு. என்கிட்ட இருக்கறது ரெண்டரை. மூணு பசங்க இருக்கானுங்க.”

அவள் தலையசைத்தாள். காபியைக் குடித்துவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்து அந்த வார இதழுக்கு இன்னொரு கடிதம் எழுதினாள். இந்த முறை முழுப்பெயர், ஊர், எல்லாம் போட்டாள். கிறிஸ்தவப் பெண்களுக்கு வேறு சட்டம் என்பதை ஒரு வாரமாவது போடுங்கள், என்னைப் போல இன்னும் எத்தனை பேர் இருப்பார்களோ என்று எழுதினாள். பதில் வரவில்லை. பத்திரத்துக்குப் பிறகு அவள் அந்தப் பக்கத்தைப் பிரிப்பதே இல்லை; இதழில் அந்தப் பகுதியே சில மாதங்களுக்கு முன் நின்றுபோயிருந்தது என்பதை மாதேஸ்வரன் சார் பிறகுதான் கவனித்துச் சொன்னார். ராமக்காள் அதைக் கேட்டு, “அவங்களுக்கு நெனவுகூட இருக்காது” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் சாமியாரிடமே போய்ச் சொன்னாள். இனி மறைக்க எதுவும் இல்லை. அவர் வருத்தப்பட்டார். “முதல்லயே என்கிட்ட வந்திருக்கலாமேம்மா” என்றார்.

மார்கழியில் நிலக்கடலை பிடுங்கினார்கள். ஒரு நாள் காலையில் சின்னப்பராஜ் அரை மூட்டைக் கடலையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து அவள் வாசலில் இறக்கினான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். ஏதோ சொல்லப் போகிறான் என்று ராஜமேரியும் நின்றாள்.

“ஈரமா இருக்குது. வெயில்ல போடு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஜெயசீலிக்கு அப்போது பத்து வயது. “மாமா எதுக்கும்மா குடுத்தாரு?” என்றாள்.

அது பங்கா, தானமா, கூலியா என்று ராஜமேரிக்கும் தெரியவில்லை. திருப்பி அனுப்பினால் அண்ணன் மனம் உடையும். வாங்கிக்கொண்டால் எல்லாம் தீர்ந்தது என்று ஆகிவிடும். சிறிது நேரம் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாயை எடுத்து வெளியே விரிக்கச் சொன்னாள்.